வெட்டப்பட்ட நான்கு பந்திகள்

வெளிநாடொன்றிலுள்ள பழைய மாணவர் குழுவொன்று என்னிடம் கட்டுரை ஒன்று கேட்டிருந்தது. 2024இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்ததையொட்டி மலர் வெளியிடுகிறார்களாம். நான் அங்கே படித்தவன் அல்லன். ஆயினும் செய்தியாளனாக அதன் வாசலில் காத்துக்கிடந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சிறப்புப் பட்டத்துக்குரிய காலம் தேறும். எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து அச்சுப்படி வந்தது. நான்கு பந்திகளைக் காணவில்லை.

தொலைபேசியில் விசாரித்தேன். மலர்க்குழுவின் அன்பர் மிகுந்த மரியாதையோடுதான் பேசினார். "ஐயா, நல்ல நாளிலை உதுகளை ஏன் கிளறுவான்? அவன் பாத்துக்கொண்டிருக்கிறான்." அந்த 'அவன்' யார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் எழுவாய் இல்லாமலே எங்களுக்கு விளங்கிவிடும்.

இந்தத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் இருந்தவனுக்குத் தணிக்கை புதிதன்று. அரசின் தணிக்கையாளர் வெட்டிய இடத்தை வெள்ளையாகவே விட்டுப் பத்திரிகை அச்சிட்ட காலம் உண்டு. ஏதோ போய்விட்டது என்பதாவது வாசகனுக்குத் தெரியும். அன்பர்களின் கத்தரிக்கோல் அந்த வெள்ளையையும் விட்டுவைப்பதில்லை. பந்திக்குப் பந்தி ஒட்டி, கட்டுரை பிறந்ததே அப்படித்தான் என்பதுபோல் ஆக்கிவிடுகிறார்கள். ஆகவே அந்த நான்கு பந்திகளும் சொன்னவற்றை, கொஞ்சம் விரித்து, என் சொந்த இடத்தில் எழுதுகிறேன்.

முதலாவது பந்தி கைலாசபதியைப் பற்றியது. அதில் யாருக்கு என்ன இடைஞ்சல் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று.

1974ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். 1971ஆம் ஆண்டு அனுமதியில் தரப்படுத்தல் வந்து, மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழி மாணவர் 229 புள்ளியோடு போக, தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டும் என்றாகியிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. அவ்வாண்டு ஜனவரி 10ஆம் திகதி உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் முற்றவெளியில் உயிர்கள் போயின. ஜூன் 5ஆம் திகதி உரும்பிராய்ச் சிவகுமாரன் சயனைட் அருந்தி இறந்தார். இவ்வளவும் நடந்த அதே ஆண்டில், ஒக்டோபர் 6ஆம் திகதி, பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க யாழ்ப்பாணம் வந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்துவைத்தார். இடம் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய கல்லூரி அது. விஞ்ஞான பீடம் சில காலம் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரிப் பட்டதாரிப் பிரிவு இருந்த இடத்தில் இயங்கியது.

தமிழ்த் தலைவர்கள் இதை வரவேற்கவில்லை. தமிழரசுக் கட்சியின் நெடுநாட் கோரிக்கை திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம். யாழ்ப்பாணத்தில் ஒரு வளாகத்தைக் கொடுத்துத் திருகோணமலைக் கோரிக்கையைப் புதைக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். திருகோணமலையைக் கேட்டதில் வடக்கையும் கிழக்கையும் சேர்த்துப் பார்த்த தூரநோக்கு இருந்தது; யாழ்ப்பாணத்துக்குள்ளேயே சுருங்கிப்போகும் ஆபத்தும் பின்னாளில் மெய்யாயிற்று. ஆனால் எதிர்ப்பு அந்த வாதத்தோடு நிற்கவில்லை. வளாகத்தின் முதல் தலைவராக நியமிக்கப்பட்ட க. கைலாசபதி இடதுசாரி, அரசின் நியமனத்தை ஏற்றவர். அது போதுமாக இருந்தது. அந்நாளைய மேடைகளில் அவருக்கு வழங்கிய பட்டத்தை இங்கே எழுத வேண்டியதில்லை. பின்வந்த நாற்பது ஆண்டுகளில் அந்தப் பட்டம் எத்தனை பேரின் உயிரைக் குடித்தது என்பது தெரிந்தவர்களுக்கு எழுதாமலே கேட்கும்.

நாற்பத்தொரு வயதில் பொறுப்பேற்ற மனிதர் அவர். தினகரன் ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர் என்பதால் எங்கள் தொழிற்காரர் என்ற பெருமையும் எனக்கு உண்டு, அதை மறைக்கவில்லை. மூன்றே ஆண்டுகள்தான் தலைவராக இருந்தார். 1977 ஜூலையில் ஆட்சி மாறியதும் பதவி போயிற்று. அடுத்து வந்தவர் சு. வித்தியானந்தன். அவர் யார்? அரசின் முகச்சுளிப்பையும் மீறி 1974ஆம் ஆண்டுத் தமிழாராய்ச்சி மாநாட்டை யாழ்ப்பாணத்தில் நடத்திக்காட்டியவர். பேராதனையில் கைலாசபதிக்கு ஆசிரியராக இருந்தவரும் அவரே. அரசியலில் இருவரும் இரண்டு கரையினர். ஒருவர் அத்திவாரம் போட, மற்றவர் சுவர் எழுப்பினார். 1979 ஜனவரி 1ஆம் திகதி வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் வித்தியானந்தன். தலைவர் பதவியை இழந்த கைலாசபதியோ அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1982 டிசம்பரில், ஐம்பது வயது நிறையுமுன், இறந்தார்.

இன்று பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்துக்குப் பெயர் கைலாசபதி கலையரங்கு. 1974இல் அந்த வளாகமே வேண்டாம் என்றவர்களின் அரசியல் வாரிசுகளும் அதே மண்டபத்தில் கூடி, பல்கலைக்கழகம் தமிழ்த் தேசியத்தின் கோட்டை என்று முழங்குகிறார்கள். முழங்கட்டும். ஆனால் கோட்டைக்கு அத்திவாரக்கல் வைத்த நாளில் தாங்கள் எந்தப் பக்கம் நின்றோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லலாமே? அந்த ஒரு வரியைத்தான் நான் எழுதினேன். அதைத்தான் வெட்டினார்கள்.

நிறுவனம் வளர்ந்த கதையை மலர்க்குழு முழுமையாகப் போட்டிருக்கிறது: 1978இல் மருத்துவ பீடம், பிறகு சித்த மருத்துவம், கிளிநொச்சியில் விவசாயமும் பொறியியலும், 1997இல் வவுனியா வளாகம், அது 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. பட்டியல் சரி. பட்டியலில் அடங்காத ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கிறேன். 1980களின் தொடக்கத்தில் அந்த இடம் எப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். கா. இந்திரபாலாவின் தலைமையில் தொல்லியல் குழு ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியைத் தோண்டி, பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையை எடுத்தது. தமிழ்த் துறையிலும் நாடகத்திலும் சிவத்தம்பி, மொழியியலில் நுஃமான், அரங்கிலே மௌனகுரு. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' பல்கலைக்கழகக் கலாசாரக் குழுவினால் மேடையேறி ஊரூராகப் போயிற்று. நூலகம் எரிந்த நகரத்தில், நாலு பக்கமும் காவலரண் முளைத்துக்கொண்டிருந்த வேளையில் இவ்வளவும் நடந்தது. கருத்து வேறுபாடு ஏராளம், சண்டையும் ஏராளம். இரவு தேநீர்க் கடை வாங்கிலே தொடங்கிய வாக்குவாதம் மறுநாள் துண்டுப்பிரசுரமாகும். மூன்றாம் நாள் அதற்கு மறுப்பும் வரும்.

அந்த மறுப்பு வராமற்போன நாள் எது? என் இரண்டாவது பந்தி அதைத்தான் கேட்டது.

1986 நவம்பர் தொடக்கத்தில் விஜிதரன் என்ற மாணவர் கடத்தப்பட்டார். மட்டக்களப்புப் பிள்ளை. கடத்தியது இராணுவம் அன்று. ஓர் இயக்கம் என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பயந்து அடங்கவில்லை. 'விஜிதரனை விடுதலை செய்' என்று ஊர்வலம் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். துப்பாக்கியை நமக்காக ஏந்துவதாகச் சொன்னவர்களிடம், நம் பிள்ளை எங்கே என்று நமது பல்கலைக்கழகம் தெருவில் இறங்கிக் கேட்டது. இது தோல்வியில் முடிந்த போராட்டம், விஜிதரன் திரும்பவில்லை. முன்நின்றவர்களில் ஒருவரான விமலேஸ்வரன் 1988இல் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்தப் பல்கலைக்கழகத்தின் ஐம்பது ஆண்டில் மாணவர்கள் செய்த மிகத் துணிவான காரியம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மலரில் இது இல்லை.

1989 செப்டெம்பர் 21. உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்புகையில் சுடப்பட்டார். வயது முப்பத்தைந்து. இரண்டு சிறு பெண்பிள்ளைகளின் தாய். சக ஆசிரியர்கள் மூவரோடு சேர்ந்து 'முறிந்த பனை'யை எழுதியவர். இந்திய இராணுவம், இலங்கை அரசு, இயக்கங்கள் என எல்லோருடைய குற்றங்களையும் ஒரே தராசில் வைத்த நூல் அது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பிறந்த மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் முக்கியமானவர்களில் ஒருவர். விடுதலைப் புலிகளே கொன்றார்கள் என்று அவருடைய குடும்பத்தவரும் சக நூலாசிரியர்களும் சொல்லிவருகிறார்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த அமைப்பின் எஞ்சியவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற நேர்ந்தது.

மூன்றாவது பந்தியில் இரண்டு வரிதான். செல்வி, நாடகமும் அரங்கியலும் பயின்ற மாணவி, கவிஞர். 1991 ஓகஸ்ட் இறுதியில் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டார். அடுத்த ஆண்டு உலக எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது கொடுத்தது. வாங்குவதற்கு அவர் வரவில்லை. பிறகு எதற்குமே வரவில்லை. இறுதிப் பரீட்சை அவருக்கு மிச்சமிருந்தது.

இனி அன்பரின் நியாயங்களுக்கு வருகிறேன். மூன்று சொன்னார். மூன்றையும் நான் மதித்தே பதில் சொல்கிறேன்.

"கொன்றது பல்கலைக்கழகம் இல்லையே, அதன் மலரில் இது எதற்கு?" உண்மைதான், பல்கலைக்கழகம் கொல்லவில்லை. ஆனால் கொல்லப்பட்டவர்கள் அதன் ஆசிரியரும் மாணவரும். தன் சம்பளப் பட்டியலில் இருந்த துறைத் தலைவர் ஒருவர் விடைத்தாள்களோடு உழைத்த நாளில் தெருவில் சுட்டு வீழ்த்தப்பட்டதை ஒரு நிறுவனம் தன் வரலாற்றில் எழுதாவிட்டால், வேறு எவர் எழுதுவது? மாநகரசபையா?

"காலம் அப்படி, அந்தக் காலத்தை இந்தக் காலத்துக் கண்ணால் பார்க்கக் கூடாது." யார் அப்படிப் பார்க்கிறார்கள்? அந்தக் காலத்திலேயே, அந்தக் கண்ணாலேயே பார்த்துத்தான் மாணவர்கள் விஜிதரனுக்காகத் தெருவில் இறங்கினார்கள். ராஜினி எழுதியது 1989க்குப் பிந்திய வசதியான நாற்காலியில் இருந்தன்று. அன்று வாய்திறந்தவர்கள் இருந்தார்கள் என்பதால்தான் 'காலம் அப்படி' என்ற சாட்டு எடுபடாமற்போகிறது. அவர்களை மலரிலிருந்து எடுத்தால் சாட்டு நிலைத்துவிடும். ஆகவேதான் எடுக்கிறார்கள் என்று நான் சந்தேகிக்கிறேன்.

மூன்றாவதுதான் பெரியது: "அவன் பாத்துக்கொண்டிருக்கிறான்." இதைச் சொல்லாமல் விட்டால் சிங்கள அரசுக்கு இது தெரியாமற்போய்விடும் என்று உண்மையாகவே நம்புகிறோமா? இவை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்தில் அச்சில் கிடக்கின்றன. தெரியாமல் இருப்பது அவனுக்கு அன்று, எங்கள் பிள்ளைகளுக்கு. 2000க்குப் பிறகு பிறந்து அந்த வளாகத்தில் படிக்கும் ஒரு மாணவிக்கு, தன் பீடத்தில் கற்பித்த ஒரு பெண் ஏன் கொல்லப்பட்டாள் என்று தமிழில் சொல்ல ஆளில்லை.

என் கட்டுரையில் வெட்டப்படாமல் வந்த பகுதி எது என்று பார்த்தேன். அரசும் அந்நியரும் செய்தவை அத்தனையும் ஓர் எழுத்துக் குறையாமல் வந்திருக்கின்றன. 1987 ஒக்டோபர் 11ஆம் திகதி இரவு இந்தியப் படை பல்கலைக்கழக மைதானத்தில் வானூர்தியில் வந்து இறங்கியதும், சீக்கியக் காலாட்படையின் முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் மாண்டதும், அதைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்து மக்கள் பட்ட பாடும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் பெயர்ந்தது. 2012 நவம்பரில் விளக்கேற்றியதற்காக விடுதிக்குள் இராணுவம் புகுந்து, மாணவர் தலைவர்களைப் பிடித்து வெலிக்கந்தைக்குக் கொண்டுபோனது. 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டியில் இரண்டு மாணவர்கள் பொலிஸாரின் சூட்டில் இறந்தார்கள். 2019 மே மாதத்தில் மட்டும் ஒரு தேடுதலில் கிடைத்த படத்துக்காக மாணவர் ஒன்றியத் தலைவர்கள் சிறைவைக்கப்பட்டதும், துணைவேந்தர் ஜனாதிபதியால் பதவி நீக்கப்பட்டதும். இவை அனைத்தும் உண்மை. ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறமாட்டேன். ஆனால் இவற்றை மட்டும் எழுதிவைத்தால் அது வழக்கறிஞரின் மனு. மனுவில் தன் கட்சிக்காரனின் குறையைச் சொல்லக் கூடாது. அது தொழில் தருமம். வரலாற்றுத் துறை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அந்தத் தருமம் பொருந்தாது.

2021 ஜனவரி 8ஆம் திகதி இரவை மறந்திருக்கமாட்டீர்கள். முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இருட்டில் இயந்திரம் கொண்டு இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் கூடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றே நாளில், 11ஆம் திகதி விடியற்காலை, துணைவேந்தரே வந்து மீண்டும் அடிக்கல் நாட்ட நேர்ந்தது. ஏப்ரல் 23ஆம் திகதி புதிய தூபி திறக்கப்பட்டது. உலகெங்கும் தமிழர் நெஞ்சு நிமிர்த்திய நிகழ்ச்சி, நானும் நிமிர்த்தினேன். அன்று மாணவர்கள் முன்வைத்த வாதம் எளிமையானது: எங்கள் இறந்தவர்களை எங்கள் மண்ணில் நினைக்க எவனிடமும் அனுமதி கேட்கமாட்டோம். இதைவிடச் செம்மையாக ஒருவர் சொல்ல முடியாது. அந்த வாதத்தை அப்படியே எடுத்து ராஜினிக்கும் செல்விக்கும் விஜிதரனுக்கும் வைத்துப் பாருங்கள். ஒரு சொல்லாவது மாற்ற வேண்டியிருக்கிறதா? இரவில் இயந்திரம் கொண்டு இடிப்பதும், மலரில் கத்தரிக்கோல் கொண்டு வெட்டுவதும் ஒன்றன்று என்பார்கள். ஒன்றன்றுதான். இடித்ததை எல்லோரும் பார்த்தோம்.

நான்காவது பந்தி, அந்த வளாகம் யாருடையது என்பதைப் பற்றியது. கைலாசபதியின் காலத்தில் அங்கே சிங்கள மாணவர்கள் படித்தார்கள். 1977 ஓகஸ்ட் வன்செயலின்போது அவர்களுக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தெற்கில் வதந்தி பரப்பி, அதைச் சாட்டாக வைத்துத் தமிழரை அடித்தார்கள். உண்மையில் அந்த மாணவர்கள் பத்திரமாக அனுப்பிவைக்கப்பட்டார்கள். யாழ்ப்பாணம் பெருமைப்படக்கூடிய செய்தி. அதையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள், பாவம், பந்தியோடு போயிற்று. இன்று பல பீடங்களில் சிங்கள மாணவர்கள் மீண்டும் கணிசமாகப் படிக்கிறார்கள். 2016 ஜூலை 16ஆம் திகதி, புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனம் சேர்ப்பது தொடர்பாக விஞ்ஞான பீடத்தில் மோதல் வெடித்தது. கேளாமல் நுழைப்பது ஆக்கிரமிப்பு என்று ஒரு தரப்பு; எங்களுக்கும் இங்கே இடமில்லையா என்று மறுதரப்பு. வெளியிலே இராணுவம் இன்னும் காணி பிடித்து வைத்திருக்கும் ஊரில் முதலாவது தரப்பின் சினத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடியும். ஆயினும் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் காலிலே கட்டிய சலங்கை இராணுவச் சப்பாத்து ஆகாது.

இந்தப் பந்தியின் இறுதி வரி முஸ்லிம்களைப் பற்றியது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் சில மணி நேரக் கெடுவில், கையில் கொண்டுபோகக்கூடியதோடு வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர். அவர்கள் கூட்டப்பட்ட இடத்துக்கும் பல்கலைக்கழக வாசலுக்கும் சைக்கிளில் அரை மணித்தூரம் இல்லை. அந்த நாளில் பேசியிருந்தால் பேசியவர் உயிரோடு இருந்திருக்கமாட்டார், ஒப்புக்கொள்கிறேன். சைக்கிளில் வந்துபோன துணைவேந்தர் துரைராஜா, பொருளாதாரத் தடைக்குள்ளும் குண்டுவீச்சுக்குள்ளும் அந்தப் பல்கலைக்கழகத்தை உயிரோடு வைத்திருந்தவர். அவரைக் குற்றக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. நானும் அன்று எழுதவில்லை. செய்தி கையில் இருந்தது, எழுதவில்லை. பத்திரிகை வேண்டும், வேலை வேண்டும், உயிர் வேண்டும் என்று நினைத்தேன். இதை அந்தப் பந்தியிலும் எழுதியிருந்தேன். என்னைப் பற்றி நானே சொன்ன குறையையும் அன்பர்கள் பெருந்தன்மையோடு நீக்கியிருக்கிறார்கள். 1990இல் வாய் மூடியதற்கு ஒரு காரணம் இருந்தது. யுத்தம் 2009இல் முடிந்தது. இப்போது என்ன காரணம்?

மலரில் என் பெயரைப் போடவேண்டாம் என்று எழுதிவிட்டேன். அவர்களோடு கோபமில்லை, நல்ல பிள்ளைகள், ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள், பல்கலைக்கழகத்து ஏழை மாணவர் சிலருக்கு மாதாமாதம் உதவுகிறவர்கள். அந்தப் பணியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கடிதத்தை முடித்தேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1974க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தில் திருநெல்வேலியிலோ வட்டுக்கோட்டையிலோ படித்தவர்கள் நீங்கள் என்றால், உங்கள் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். ரோணியோ செய்த துண்டுப்பிரசுரம், மாணவர் ஒன்றிய அறிக்கை, நாடக அழைப்பிதழ், கூட்டத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், எதுவானாலும். எந்த அணியுடையதானாலும். விஜிதரன் போராட்டத்துத் தாள்கள் யாரிடமாவது இருக்கக்கூடும். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ ஒரு அலுமாரியின் அடித்தட்டில் இருக்கலாம். 2005இலிருந்து இணையத்தில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு வருடிப் படியெடுத்து அனுப்பலாம். மூலத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். செல்லுப் பிடித்த தாள் என்றால் முதலில் வெயிலில் காட்டாதீர்கள், நிழலில் உலரவிடுங்கள்.